குறைமாதக் குழந்தை வீட்டுக்கு வருகிறதா? வீட்டு வழக்கங்களை எப்படிக் கையாள்வது

பச்சிளங்குழந்தைப் பிரிவிலிருந்து அனுப்பும்போது கையில் ஒரு காகிதம் கொடுப்பார்கள். எத்தனை மணிக்கு ஒரு தடவை பால், எந்தச் சொட்டு மருந்து எத்தனை சொட்டு, மறுபடி எப்போது வர வேண்டும் என்று அதில் எல்லாம் இருக்கும். சாம்பிராணி போடலாமா, தூளியில் போடலாமா, உரைமருந்து கொடுக்கலாமா, அத்தை வாங்கி வந்த வசம்பு வளையலைக் கட்டலாமா என்பதெல்லாம் அதில் இருக்காது. ஆனால் குழந்தை வாசல்படி ஏறிய முதல் மணி நேரத்திலேயே இந்தக் கேள்விகள்தான் வரும். கேட்பவர் அம்மாவாகவோ மாமியாராகவோ இருப்பார். நாலு பிள்ளைகளை வளர்த்தவர், அன்பால் கேட்கிறவர், அவரிடம் இரண்டு கிலோகூட இல்லாத குழந்தையைக் கையில் வைத்துக்கொண்டு சண்டை போட முடியாது, போடவும் வேண்டாம்.

பல வருடம் பச்சிளங்குழந்தை வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு இதை எழுதுகிறேன். எனக்கு உறுதியாகத் தெரிந்த ஒன்று, நம் ஊர் வழக்கங்களில் குறைமாதக் குழந்தைக்கு வேண்டியவை நிறையவே இருக்கின்றன. அதே பட்டியலில் உயிருக்கே ஆபத்தானவையும் இருக்கின்றன. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

பிரித்துப் பார்க்க நாலு கேள்வி

37 வாரம் முடிவதற்குள் பிறந்தால் குறைமாதம். இந்தக் குழந்தைகளுக்குத் தோலுக்கு அடியில் கொழுப்பு குறைவு, அதனால் உடம்புச் சூடு சட்டென்று இறங்கிவிடும். நுரையீரல் முழுசாக முதிர்ந்திருக்காது. உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதே ஏறக்குறைய 34 வாரத்தில்தான். தாயிடமிருந்து வரும் எதிர்ப்புச் சக்தி பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான் குழந்தைக்குப் போய்ச் சேரும், அந்த மூன்று மாதத்தில் ஒரு பங்கு இவர்களுக்குக் கிடைக்கவே இல்லை.

ஆகவே வீட்டில் யார் எதைச் செய்யச் சொன்னாலும் நாலே கேள்வி கேளுங்கள். இதனால் குழந்தையின் சூடு குறையுமா? மூச்சுக்கு இடைஞ்சலாகுமா? தாய்ப்பாலும் டாக்டர் எழுதிய மருந்தும் தவிர வேறு ஏதாவது வயிற்றுக்குள் போகுமா? கிருமி வர வழி இருக்கிறதா? நாலுக்கும் இல்லை என்றால் தாராளமாகச் செய்யட்டும், அவர்கள் மனசு நிறையும். ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் தள்ளிப்போடுங்கள்.

முதல் வேலை: பாட்டியை வார்டுக்கு அழைத்துப் போங்கள்

டிஸ்சார்ஜுக்கு இரண்டு மூன்று நாள் முன்பாகவே, வீட்டில் குழந்தையை உண்மையில் யார் பார்த்துக்கொள்ளப் போகிறாரோ அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்து வாருங்கள். டாக்டரோ நர்ஸோ நேரில் சொன்னால் அது ஏறும். நீங்கள் போய்ச் சொன்னால் "நாங்கள் பிள்ளை வளர்க்கலையா" என்றுதான் வரும். குழந்தையைத் தொடும்போது எப்படி இருக்கிறது, ஒரு தடவைக்கு எத்தனை மில்லி பால் குடிக்கிறது, மூச்சு எப்படிப் போகிறது என்று அவர் கண்ணால் பார்க்கட்டும். வார்டில் நான் பார்த்தவரை, ஒரு மணி நேரம் குழந்தையை நெஞ்சில் வைத்துக்கொண்ட பாட்டி அதற்குப் பிறகு யாரையும் கிட்ட விடுவதில்லை.

இன்னொன்றையும் அந்த நேரத்திலேயே பேசி முடித்துவிடுங்கள். ஏழு மாசக் குழந்தை பிழைக்கும், எட்டு மாசக் குழந்தை தங்காது என்று ஒரு பேச்சு நம் ஊரில் இன்னமும் இருக்கிறது. அது தவறு. வயிற்றுக்குள் கூட இருக்கிற ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம், எட்டு மாதத்தில் பிறந்த குழந்தை ஏழு மாதத்தில் பிறந்ததைவிட நல்ல நிலையில்தான் இருக்கும். பப்பாளி தின்றாள், கிரகணத்தில் வெளியே வந்தாள், அதனால்தான் என்று தாயைக் குத்திக்காட்டும் பேச்சையும் நிறுத்தச் சொல்லுங்கள். இரத்த அழுத்தம், தொற்று, இரட்டைக் குழந்தை, கருப்பைவாய் பலவீனம் என்று காரணங்கள் பல, பாதிப் பேருக்குக் காரணமே தெரியாது. அழுதுகொண்டே இருக்கிற தாய்க்குப் பால் இறங்குவது கஷ்டம், இதை வீட்டு ஆண்கள்தான் முன்னே நின்று சொல்ல வேண்டும்.

நாற்பது நாள் வழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்

தீட்டு என்று சொல்லித் தாயையும் பிள்ளையையும் தனி அறையில் வைப்பது, வாசலில் வேப்பிலை செருகுவது, வெளியே போய் வந்தவர் கைகால் கழுவாமல் குழந்தையைத் தொடக் கூடாது என்பது, துக்க வீட்டுக்குப் போனவர் குளித்துவிட்டுத்தான் வர வேண்டும் என்பது, இவை எல்லாமே குறைமாதக் குழந்தைக்கு வைத்த காவல். டாக்டர் சொல்லும் தொற்றுத் தடுப்பும் இதேதான். "இன்ஃபெக்ஷன் ஆகிவிடும், தூக்காதீர்கள்" என்றால் வந்தவர் முகம் சுளிப்பார். "இன்னும் தீட்டு கழியலை, வாசலில் நின்று பாருங்கள்" என்றால் ஒருவரும் கோபித்துக்கொள்வதில்லை. இந்த வசதியைக் கூச்சமே இல்லாமல் பயன்படுத்துங்கள். சளி, இருமல், அம்மை உள்ளவர்கள் யாராக இருந்தாலும், தாய்மாமனே ஆனாலும், உள்ளே வரக் கூடாது.

ஆனால் தனி அறை என்றால் இருட்டான பின்கட்டு அறை அல்ல. வெளிச்சம், காற்றோட்டம் வேண்டும், அடுப்புப் புகை வரக் கூடாது, மின்விசிறிக் காற்று நேராகக் குழந்தைமேல் படக் கூடாது. அறை 25 முதல் 28 டிகிரி இருந்தால் நல்லது. தீட்டுத் துணி என்று தாய்க்குக் கந்தலும் பழம்பாயும் கொடுப்பது வேண்டாம். குழந்தைக்குப் பழைய வேட்டித் துணி மிகவும் நல்லது, பலமுறை துவைத்து மெத்தென்று ஆகியிருக்கும், அதை நன்றாகத் துவைத்து வெயிலில் உலர்த்தி மடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நாற்பது நாளில் ஒரே ஒரு விஷயத்துக்கு வழக்கத்தை மீறித்தான் ஆக வேண்டும். கண் பரிசோதனை. 34 வாரத்துக்கு முன் பிறந்தவர்கள், அல்லது பிறக்கும்போது 2 கிலோவுக்குக் கீழ் இருந்தவர்கள், பிறந்த 4 வாரத்துக்குள் விழித்திரையைப் பார்த்தாக வேண்டும். 28 வாரத்துக்கு முன் பிறந்தவர்களும் 1,200 கிராமுக்குக் கீழ் இருந்தவர்களும் இன்னும் முன்னால், இரண்டு மூன்று வாரத்திலேயே பார்க்க வேண்டும். 34 வாரத்துக்குப் பிறகு பிறந்திருந்தாலும் ஆக்சிஜனில் நாள்கணக்கில் இருந்திருந்தால் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். இவர்களுக்கு விழித்திரையின் இரத்தக்குழாய்கள் வளர்ந்து முடியாமலே பிறந்துவிடுவதால் அவை தாறுமாறாக வளர்ந்து விழித்திரையையே இழுத்துப் பிரித்துவிடும். வெளியே கண்ணைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, குழந்தை நன்றாக இருப்பதுபோலவே இருக்கும். "நாற்பது முடியட்டும், அப்புறம் அழைத்துப் போகலாம்" என்று இருந்த வீடுகளில் அந்த இடைவெளியில் பார்வை போயிருக்கிறது. லேசர் சிகிச்சை வேண்டும் என்று சொன்னால் இரண்டு மூன்று நாளைக்குள் செய்ய வேண்டியது, நல்ல நாள் பார்க்க நேரம் இல்லை. ஒரு தடவை பார்த்ததோடு முடியாது, டாக்டர் போதும் என்று சொல்லும்வரை போக வேண்டும். அஷ்டமி நவமி பார்க்கிற வீடாக இருந்தால் டிஸ்சார்ஜ் அன்றே அந்தத் தேதியைக் காலண்டரில் சிவப்பில் வட்டம் போட்டுவிடுங்கள். குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, தொப்பி மாட்டி, பொட்டும் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டுவிட்டே கிளம்பட்டும், தடையில்லை. தேதி மட்டும் தள்ளக் கூடாது.

நெஞ்சோடு அணைப்பது

கங்காரு முறை என்று வார்டில் சொல்லித் தந்திருப்பார்கள். 1978இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையில் எட்கர் ரே என்ற டாக்டர் தொடங்கியது, இன்று உலக சுகாதார நிறுவனமே குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு நாளில் 8 முதல் 24 மணி நேரம்வரை, முடிந்த அளவு அதிகமாக, செய்யச் சொல்கிறது. டயப்பரும் தொப்பியும் காலுறையும் மட்டும் போட்டு, குழந்தையைத் தாயின் இரு மார்புக்கும் நடுவே நிமிர்த்தி, முகம் ஒரு பக்கமாகத் திரும்பி, தாடை நெஞ்சில் இடிக்காமல் வைத்து, மேலே துணியால் கட்ட வேண்டும். சூடும் கிடைக்கும், மூச்சும் சீராகும், பாலும் கூடும்.

வீட்டில் இது நின்றுபோவதற்குக் காரணம் பெரும்பாலும் கூச்சம்தான். அப்பா, அண்ணன், வருகிறவர் போகிறவர் நடுவே ஜாக்கெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எப்படி உட்காருவது? அறைக்கு ஒரு திரை போடுங்கள், முன்பக்கம் திறக்கும் நைட்டி இரண்டு தைத்துக்கொள்ளுங்கள், கட்டுவதற்குப் பழைய பருத்திச் சேலையோ துப்பட்டாவோ போதும். "கையிலேயே வைத்திருந்தால் கைப்பழக்கம் ஆகிவிடும்" என்பார்கள். இந்தக் குழந்தை இன்னும் வயிற்றுக்குள் இருந்திருக்க வேண்டியது, பழக்கம் கெடாது.

தாய் தூங்கவும் சாப்பிடவும் வேண்டும், அப்போது பாட்டி வைத்துக்கொள்ளட்டும். அப்பாவும் வைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் பேறுகாலம் தாய் வீட்டில், அப்பா வாரக் கடைசியில் விருந்தாளி மாதிரி வந்து போகிற வழக்கம். குறைமாதக் குழந்தைக்கு இது நஷ்டம். முடிந்தால் லீவு போட்டு மாமனார் வீட்டில் வந்து இருங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பால்

தாய்ப்பால் மட்டும்தான். சேனை வைப்பது (பிறந்த குழந்தையின் நாக்கில் பெரியவர் ஒருவர் இனிப்பு தொட்டு வைப்பது), சர்க்கரைத் தண்ணீர், கழுதைப்பால், கிரைப் வாட்டர், பசும்பால் எதுவும் வேண்டாம். தேனும் வேண்டாம், ஒரு வயது வரை எந்தக் குழந்தைக்கும் தேன் கூடாது, அதில் நச்சுக் கிருமியின் வித்துகள் இருக்கலாம். குறைமாதக் குழந்தையின் குடல் மிக மெல்லியது, அழற்சி வந்தால் குடலே அழுகிப்போகும் அளவுக்குப் போகும். சேனை வைக்கிற பெரியவருக்கு அந்த மரியாதையைக் கொடுக்காமல் விட வேண்டாம், கை கழுவிவிட்டு குழந்தையின் பாதத்தைத் தொட்டு வாழ்த்தச் சொல்லுங்கள். முஸ்லிம் வீடுகளில் தேனோ பேரீச்சம்பழமோ தொட்டு வைக்கும் வழக்கம் உண்டு, அதற்கும் டாக்டர் அனுமதிக்கும்வரை பொறுங்கள். ஏழாம் நாள் முடி இறக்குவதும் அப்படித்தான், முடி போனால் தலைவழியே சூடு போகும், அகீகா என்கிற அந்தச் சடங்கைத் தள்ளி வைக்க இடம் இருக்கிறது.

உறிஞ்சத் தெம்பில்லாத குழந்தைக்குப் பீய்ச்சிய பாலைப் பாலாடையில் கொடுக்கச் சொல்லியிருப்பார்கள். நம் வீட்டுச் சங்குதான் அது! இந்தியா முழுக்கப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் பாலாடை என்ற அதே பெயரில் இன்றும் புழங்குகிறது. சீராக வந்த வெள்ளிச் சங்கு இருந்தாலும் சரி, எவர்சில்வர் பாலாடையானாலும் சரி, ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டுக் கழுவி 10 நிமிடம் கொதிக்க வைக்க வேண்டும். ஆனால் கொடுக்கும் விதத்தில்தான் பழைய முறையை விட வேண்டும். குழந்தையைக் காலில் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து, மடக் மடக்கென்று புகட்டுவது நுரையீரலுக்குள் பாலை அனுப்பும். குழந்தை விழித்திருக்க வேண்டும், தலையையும் முதுகையும் தாங்கிப் பாதி உட்கார்ந்த நிலையில் வைத்து, பாலாடை முனையைக் கீழுதட்டில் தொட்டு, சொட்டுச் சொட்டாக விட்டு, விழுங்கியதைப் பார்த்துவிட்டு அடுத்தது. பீய்ச்சிய பால் அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 24 மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம்.

தாய்க்குப் பத்தியம் என்ற பெயரில் தண்ணீரைக் குறைக்கிற வீடுகள் இருக்கின்றன, வயிறு பெருத்துவிடும் என்று. தண்ணீரும் சோறும் குறையாமல் கொடுங்கள். பூண்டு, பால்சுறாப் புட்டு, முருங்கைக்கீரை, வெந்தயக் கஞ்சி எல்லாம் நல்ல சாப்பாடு, தாராளமாகச் சமைக்கலாம். ஆனால் பால் ஊறுவது பீய்ச்சுவதால்தான், இரவையும் சேர்த்து ஒரு நாளைக்கு எட்டுத் தடவையாவது.

எடை பார்த்தால் கண் படும் என்றால், எடையை வெளியே சொல்லாமல் இருங்கள், பார்க்காமல் இருக்க வேண்டாம். தினம் 20 முதல் 30 கிராம்வரை ஏறினால் சரியாகப் போகிறது என்று அர்த்தம். கிராம சுகாதார செவிலியர் வரும்போது எடை போட்டு எழுதி வாங்குங்கள்.

குளியல், எண்ணெய், சாம்பிராணி

கால்மேல் போட்டு, கைபொறுக்கும் சூட்டுத் தண்ணீரை அள்ளி ஊற்றி, தலையை உருட்டி, மூக்கைப் பிடித்து, நாக்கு வழித்து, மூக்கிலும் காதிலும் ஊதி எடுக்கிற குளியல் நிறைமாதக் குழந்தைக்கே அதிகம். டாக்டர் சொல்லும்வரை வெதுவெதுப்பான நீரில் துணி நனைத்து ஒவ்வொரு பகுதியாகத் துடைத்து, உடனே உலர்த்தி, நெஞ்சில் வைத்துக்கொள்வது போதும். பயத்தமாவு, மஞ்சள், பவுடர் எதுவும் இப்போது வேண்டாம், பவுடர் நேராக நுரையீரலுக்குப் போகும்.

எண்ணெய் விஷயத்தில் பாட்டிக்கு ஒரு நல்ல செய்தி. குறைமாதக் குழந்தையின் தோலுக்கு எண்ணெய் தடவுவதைப் பரிசீலிக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022ஆம் ஆண்டுப் பரிந்துரையிலேயே இருக்கிறது. டாக்டர் சரி என்றதும், சுத்தமான தேங்காய் எண்ணெயை, கதகதப்பான அறையில், மெதுவாகத் தடவலாம். பிடித்துவிடுவது, நீவுவது, மூட்டு மடக்குவது கூடாது. கண், மூக்கு, காது, தொப்புளில் ஒரு சொட்டும் விடக் கூடாது.

சாம்பிராணிக்கு மட்டும் நடுவழியே கிடையாது. பக்கத்து அறையிலும் வேண்டாம், ஊதுபத்தி, கொசுவத்தி, பீடி சிகரெட் எதுவும் அந்த வீட்டுக்குள் வேண்டாம். வெண்டிலேட்டரில் இருந்து தப்பி வந்த நுரையீரலுக்குப் புகையைக் கொடுப்பதை என்னால் எந்த விதத்திலும் ஏற்றுக்கொள்ள முடியாது.

தூளி, கயிறு, மை

சேலைத் தூளியில் போட்டால் குழந்தை வளைந்து, தாடை நெஞ்சில் முட்டி, மூச்சு அடைபடலாம். கழுத்தில் பலமில்லாத குறைமாதக் குழந்தையால் தானாகத் தலையை நிமிர்த்திக்கொள்ள முடியாது. தொட்டில் போடும் சடங்கை நடத்துங்கள், ஒருவர் கை தாங்கியபடி ஒரு பாட்டு முடியும்வரை போட்டு எடுத்துவிடலாம். தூங்குவது சமமான, கெட்டியான படுக்கையில், மல்லாந்து. தலையணை வேண்டாம்.

கண்ணுக்கு மை வேண்டாம், சில மைகளில் ஈயம் இருக்கிறது, தொற்றும் வரும். திருஷ்டிப் பொட்டை உள்ளங்காலில் வையுங்கள். அரைஞாண், கருப்புக் கயிறு, வசம்பு வளையல் எல்லாம் எடை கூடிய பிறகு. அதுவரை தாயத்தையும் கயிற்றையும் நிலைப்படியில் கட்டலாம். உரைமருந்து வேண்டவே வேண்டாம், உரைகல்லில் உரைக்கும்போது எத்தனை ஜாதிக்காய், எத்தனை வசம்பு போனது என்று யாருக்கும் அளவு தெரியாது. அதே சமயம் டாக்டர் எழுதிய இரும்புச்சத்துச் சொட்டையும் வைட்டமின் டி சொட்டையும் "சூடு" என்று நிறுத்திவிடாதீர்கள்.

நாள் கணக்கு

தடுப்பூசி பிறந்த தேதியிலிருந்து கணக்கு. குப்புற விழுவது, உட்காருவது, சோறு ஊட்டுவது எல்லாம் பிறந்திருக்க வேண்டிய தேதியிலிருந்து. எட்டு வாரம் முன்னால் பிறந்த குழந்தைக்கு ஆறு மாதம் என்றால் வளர்ச்சிக் கணக்கில் அது நாலு மாதக் குழந்தை. "பக்கத்து வீட்டுப் பிள்ளை உட்காருது, நம்ம பிள்ளை இன்னும் கவிழலையே" என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள். சோறூட்டும் நாளையும் டாக்டரிடம் கேட்டே குறியுங்கள்.

பெயர் வைத்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளக் கூடாதவை

குழந்தை மெலிந்து துவண்டால் பட்சி தோஷம் என்பார்கள், விடாமல் அழுதால் உரம் விழுந்தது என்பார்கள், கக்கினால் தொக்கம் என்பார்கள். முறத்திலோ சேலையிலோ போட்டு உருட்டி உரம் எடுப்பது குறைமாதக் குழந்தையின் மூளையில் இரத்தம் கசிய வைக்கலாம், தொக்கம் எடுப்பவரிடமும் போகக் கூடாது. மஞ்சள் காமாலைக்குச் சூடு போடுவது கொடுமை, காலை வெயிலில் காட்டுவதாலும் அது தீராது, குழந்தைக்குக் குளிர்தான் எடுக்கும். மந்திரிப்பதற்குக் கோவிலுக்கோ தர்காவுக்கோ போவதாக இருந்தால் டாக்டரைப் பார்த்த பிறகு பெரியவர்கள் மட்டும் போய்த் திருநீறோ தண்ணீரோ வாங்கி வரட்டும், குழந்தையின் வாயில் மட்டும் வைக்க வேண்டாம்.

கீழே உள்ளதில் ஒன்று இருந்தாலும் அந்த நிமிடமே கிளம்ப வேண்டும், ராகுகாலம் பார்க்காமல்:

- பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது
- நிமிடத்துக்கு 60க்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குவது, முனகல், மூச்சு நின்று நின்று வருவது
- உதடோ நாக்கோ நீலமாவது
- அக்குள் வெப்பம் 36.5 டிகிரிக்குக் கீழ் இறங்கி, நெஞ்சோடு அணைத்தும் ஏறாதது; அல்லது 37.5க்கு மேல் போவது
- உள்ளங்கை, உள்ளங்கால் மஞ்சளாவது
- வெட்டு (வலிப்பு), வயிறு உப்பல், பச்சையாக வாந்தி, மலத்தில் இரத்தம்

108க்குப் போன் செய்யுங்கள். வண்டி வரும்வரையும் போகும் வழியிலும் குழந்தை தாயின் நெஞ்சிலேயே, தொப்பியோடு, கட்டிய நிலையில் இருக்கட்டும். டிஸ்சார்ஜ் காகிதத்தை ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு வாசல் பக்கத்து ஆணியில் மாட்டி வைத்திருங்கள், எங்கே என்று தேடாமல் எடுத்துக்கொண்டு ஓடலாம்.